பிறந்தது சான்சிபார், செத்தது உகாண்டா

நாள் 1, சான்சிபார்

"ஜாம்போ" என்ற சொல்லை இனி வாயில் எடுப்பதில்லை என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. விமான நிலையத்தில் சொன்னேன். முத்திரை குத்தியவர் உடனே ஆங்கிலத்துக்கு மாறினார். டாக்ஸிக்காரரிடம் சொன்னேன், வாடகை சட்டென்று டாலருக்குப் போனது. சாயங்காலம் என் ஆசிரியையிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். "அது வெளியூர்க்காரர்களுக்காக நாங்கள் வைத்திருக்கும் சொல். எங்களுக்குள் அப்படி யாரும் சொல்லிக்கொள்வதில்லை" என்றார்.

ஏழு மாதமாக வாரம் இரண்டு நாள் கணினித் திரை வழியாக எனக்கு ஸ்வாஹிலி சொல்லித் தந்தவர் இவர். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கூப்பிடுவது "முவாலிமு" என்று. நம் மதரசாக்களில் கேட்கும் முஅல்லிம்தான் அது, ஆசிரியர் என்று பொருள். பெரியவர்களைக் கண்டால் "ஷிகமோ" சொல்ல வேண்டும் என்று அவரே பாடத்தில் சொல்லியிருந்தார். உங்கள் கால்களைப் பற்றுகிறேன் என்பது அதன் ஆதிப் பொருள். "மரஹபா" என்று பதில் வரும். வாசலிலேயே பக்தியோடு ஒரு ஷிகமோ வைத்தேன். மரஹபா சொல்லிவிட்டு, "என்னைப் பார்த்தால் அவ்வளவு வயதா தெரிகிறது?" என்று கேட்டார். எனக்கும் அவருக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம்.

பயணத் திட்டத்தைக் காட்டினேன்: இங்கிருந்து டார் எஸ் ஸலாம், மொம்பாசா, நைரோபி, கம்பாலா. தாளைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஸ்வாஹிலிக்காரர்களிடையே ஒரு பழைய கிண்டல் உண்டாம். ஸ்வாஹிலி பிறந்தது சான்சிபாரில், வளர்ந்தது தான்சானியாவில், நோயில் விழுந்தது கென்யாவில், செத்தது உகாண்டாவில், புதைத்தது காங்கோவில். "சவ ஊர்வலம் கிளம்பியிருக்கிறீர்கள். இடுகாடு மட்டும் பாக்கி வைத்திருக்கிறீர்களே?"

காங்கோவுக்கு என் மனைவி அனுமதி தரவில்லை. கிழக்குக் காங்கோவின் சண்டைச் செய்திகளைப் படிப்பவர் யாரும் தர மாட்டார்கள்.

நாள் 2, சான்சிபார்

ஸ்டோன் டவுன் சந்துகளில் காலையில் முவாலிமு நடத்திய பாடம். சந்து என்றால் எதிரில் சைக்கிள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. கடை "துக்கா". வண்டி "காரி". காசு "பெசா". லட்சம் "லாக்கி". காப்பீடு "பீமா". கோணிப்பை "குனியா". ஆட்டோவுக்குப் பெயர் "பஜாஜி", கம்பெனிப் பெயரே இனத்தின் பெயராகிவிட்டது. பால் இல்லாத தேநீர் "சாய் யா ரங்கி", அதாவது நிறத் தேநீர். இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த சொற்கள்தான் இதில் பாதி.

ஸவாஹில் என்றால் அரபியில் கடற்கரைகள். பெயரைப் பார்த்து இதை அரபி கலந்த கிச்சடி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். எலும்பு ஆப்பிரிக்காவின் பாந்து மொழிக் குடும்பத்தினுடையது, மேலே போட்ட சட்டைதான் பல ஊர்த் துணி. முவாலிமு ஒரு வேடிக்கை காட்டினார். கித்தாபு, அரபியில் புத்தகம். ஆனால் ஸ்வாஹிலியின் காதுக்கு அந்தக் "கி" தன் வீட்டு முன்னொட்டாகக் கேட்டிருக்கிறது. கித்தி ஒரு நாற்காலி, வித்தி பல நாற்காலி. அதே கணக்கில் ஒரு புத்தகம் கித்தாபு, பல புத்தகம் வித்தாபு! அரபிக்காரர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். ஆங்கிலேயர் ரவுண்டானாவில் "கீப் லெஃப்ட்" என்று பலகை வைத்தபோதும் இதே கதிதான். ரவுண்டானாவின் பெயரே கிப்பிலெஃப்டி ஆயிற்று, நாலைந்து இருந்தால் விப்பிலெஃப்டி. வந்த சொல் எதுவானாலும் உள்ளூர் இலக்கணம் அதன் காதைப் பிடித்து வரிசையில் நிறுத்திவிடுகிறது.

மத்தியானம் முகுனாஸினி. அடிமைச் சந்தை இருந்த இடத்தில் ஆங்கிலிக்கன் தேவாலயம் நிற்கிறது. சந்தை மூடப்பட்டது 1873ல். தேவாலயத்தைக் கட்டியவர் எட்வர்ட் ஸ்டீயர் என்ற பாதிரியார், பிறகு பிஷப் ஆனவர். 1870ல் சான்சிபார் பேச்சுக்கு ஓர் இலக்கணக் கையேடு போட்டவரும் அவரே. அதுவரை அரபி எழுத்தில் கவிதை எழுதிவந்த மொழி அச்சுக்கு வந்தபோது ரோமன் எழுத்தில் வந்ததற்கு அவரைப் போன்ற மிஷனரிகளும் பிறகு வந்த காலனி அரசுகளும் காரணம்.

தேவாலயத்துக்கு வெளியே குழிக்குள் சங்கிலியோடு நிற்கும் சிற்பங்களின் முன் நாங்கள் எதுவும் பேசவில்லை. வெளியே வந்த பிறகு முவாலிமு சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். "தந்தத்துக்கும் அடிமைகளுக்கும் உள்நாட்டுக்குப் போன கூட்டங்களோடுதான் எங்கள் மொழியும் போனது. தபோரா வரை, உஜிஜி வரை, டாங்கனிக்கா ஏரியைத் தாண்டிக் காங்கோ வரை. இதை விட்டுவிட்டு மொழி வளர்ந்த கதையைச் சொல்லாதீர்கள்."

ராத்திரி ஃபொரோதானி பூங்காவில் உரோஜோ குடித்தேன். மாங்காயும் புளிப்புமாக ஒரு மஞ்சள் குழம்பு, அதில் பஜ்ஜி மிதக்கிறது. பக்கத்துக் கடையில் பழைய தாராப் பாட்டு. இதே ஊரின் சித்தி பிந்தி ஸாத் 1928ல் கப்பலேறிப் பம்பாய்க்குப் போய் இசைத்தட்டுக்குப் பாடியவர். கிழக்காப்பிரிக்கப் பெண் ஒருவரின் குரல் தட்டில் பதிந்தது அதுதான் முதல் தடவை.

அப்துல்ரஸாக் குர்னாவின் பேச்சும் வந்தது. இந்த ஊரில் பிறந்தவர், 2021ல் இலக்கிய நோபல். ஸ்வாஹிலியில் வளர்ந்து ஆங்கிலத்தில் எழுதியவர். அவர் நாவல் ஒன்று ஸ்வாஹிலிக்கு வந்தது பரிசுக்குப் பிறகு, 2022ல். "பெருமைதான்" என்றார் முவாலிமு, கொஞ்சம் இடைவெளி விட்டு.

நாள் 4, டார் எஸ் ஸலாம்

நேற்று முழுக்க வயிற்றுக்கு ஓய்வு. உரோஜோவைக் குறை சொல்ல மாட்டேன், மூன்று கிண்ணம் குடித்தது நான்.

இரண்டு மணி நேரப் படகு. துறையில் கல்லூரி நண்பன் காத்திருந்தான். விருதுநகர்க்காரன், பதினோரு வருஷமாக இங்கே ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். டாரில் இப்படிக் கணக்கர்களாக வந்த தமிழர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். "நீ பேசுறது புக்கு ஸ்வாஹிலி மாப்ள. குடோன்ல செல்லாது" என்று முதல் ஐந்து நிமிஷத்திலேயே சான்றிதழ் கொடுத்துவிட்டான். அவன் பேசுவதில் இலக்கணம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை, ஆனால் லாரி டிரைவர் சிரித்து, திட்டி, சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போகிறார்.

கரியாகோ சந்தைக்குக் கூட்டிப்போனான். பாரிமுனையை நாலு மடங்காக்கி வெயிலில் வைத்தது போல. பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? முதல் உலகப் போரில் ஆங்கிலேயப் படைக்குச் சுமை தூக்கிய ஆப்பிரிக்கர்களின் "கேரியர் கோர்" முகாம் இருந்த இடம். கேரியர் கோர், கரியாகோ. பல நூறு மைல் சுமந்து நடந்து, நோயிலும் பசியிலும் பெரும் எண்ணிக்கையில் செத்துப்போன மனிதர்கள். பல இனத்தார் கலந்த அந்தக் கூட்டத்துக்குப் பொதுவாக இருந்த மொழி ஸ்வாஹிலி.

சந்தையில் என்னை வாயடைக்க வைத்தது ஒரு சீனப் பெண்மணி. செயற்கை முடியும் ஜடையும் விற்கும் கடை. வாடிக்கையாளரோடு ஸ்வாஹிலியில் மல்லுக்கு நின்று விலை பேசினார். ஆங்கிலத்தில் நான் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ஸ்வாஹிலியில் கேட்டதும் பட்டென்று விலை சொன்னார். இந்தியனும் சீனரும் ஆங்கிலம் இல்லாமல் பேரம் பேசிய ஐந்து நிமிஷம் அது. நான் தோற்றேன்.

மாலையில் கடற்கரையில் நண்பனுக்கு நான் வகுப்பெடுத்தேன். 1954 ஜூலை 7ல், பின்னாளில் தான்சானியாவின் முதல் அதிபரான ஜூலியஸ் நியெரேரேயின் டானு கட்சி பிறந்தது. விடுதலைப் போராட்டத்தின் ஆயுதம் ஸ்வாஹிலி என்று அந்தக் கட்சி எடுத்துக்கொண்டது. நூற்றிருபதுக்கும் மேல் மொழிகள் உள்ள நாடு. எந்தப் பெரிய இனத்தின் தாய்மொழியாகவும் இல்லாத மொழி என்பதே அதற்கு வசதியாகப் போயிற்று. அதை ஏற்றுக்கொண்டால் பக்கத்து இனத்துக்குத் தலைவணங்கியதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. அந்த ஜூலை 7ஐத்தான் 2021ல் யுனெஸ்கோ உலகக் கிஸ்வாஹிலி நாளாக அறிவித்தது (ஸ்வாஹிலிக்கு அந்த மொழியிலேயே பெயர் கிஸ்வாஹிலி). ஆப்பிரிக்க மொழி ஒன்றுக்கு அப்படி ஒரு நாள் கிடைத்தது முதல் தடவை. பேசுவோர் 20 கோடிக்கு மேல் என்பது அவர்கள் கணக்கு. தாய்மொழியாகப் பேசுவோர் அதில் சிறு பகுதிதான்.

நியெரேரேயையும் மக்கள் முவாலிமு என்றே அழைத்தார்கள், பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களை மொழிபெயர்த்தார். வெனிஸ் வணிகன் நாடகத்துக்கு 1969ல் அவர் வைத்த தலைப்பு "மபெபாரி வா வெனிசி". பெபாரி என்பது குஜராத்தி, இந்தி வழி வந்த நம் வியாபாரிதான். ஆனால் அவர் காலத்துச் சோஷலிசத் தான்சானியாவில் அந்தச் சொல்லுக்கு முதலாளித்துவவாதி என்று பொருள் ஏறியிருந்தது. ஆக, வெனிஸின் முதலாளிகள்! நம் "முதலாளி" கடைக்காரரையும் குறிக்கும், கோஷத்தில் வரும் முதலாளியையும் குறிக்கும் இல்லையா, அப்படி. நண்பன் இதைக் கேட்டுவிட்டு, "எங்க முதலாளியப் பத்தி நாளைக்குச் சொல்றேன்" என்றான்.

அந்த நாட்களில் டார் விடுதலை இயக்கங்களின் சத்திரம். மொசாம்பிக்கின் ஃப்ரெலிமோ 1962ல் இங்கேதான் தொடங்கியது. அதில் இருந்த ஜோக்கிம் சிசானோ பிறகு மொசாம்பிக் அதிபரானார். 2004ல் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒன்றியக் கூட்டத்தில் திடீரென்று ஸ்வாஹிலியில் பேசத் தொடங்க, கூட்டம் திகைத்துப்போனது. போர்ச்சுகீசிய மொழி பேசும் நாட்டின் தலைவர், அகதியாக இருந்த ஊரில் கற்ற மொழியில் பேசுகிறார். 2022ல் ஒன்றியம் அதை அலுவல் மொழியாகவே ஏற்றுக்கொண்டது.

நாள் 5, டார் எஸ் ஸலாம்

பல்கலைக்கழகக் குன்றுக்குப் போனேன். ஊர்க்காரர்களுக்கு அது "முலிமானி", குன்றின் மேல். மொழி ஆய்வுக்கு ஒரு நிறுவனம் இங்கே. புதுச் சொல்லுக்கும் தரத்துக்கும் 1967லிருந்து பகிதா என்ற அரசு மன்றம் தனியாக. கம்ப்யூட்டருக்கு "தராகிலிஷி" என்று ஒரு அழகான சொல் புழக்கத்துக்கு விடப்பட்டது. தெருவில் எல்லோரும் கொம்ப்யூதா என்கிறார்கள். நம் கணினி பரவாயில்லை, எழுத்திலாவது ஜெயித்தது.

மரத்தடியில் பேச்சுக் கொடுத்த மாணவரிடம் ஒரு சங்கடமான விஷயம் கேட்டேன். ஆரம்பப் பள்ளி முழுக்க ஸ்வாஹிலி வழி. உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் எல்லாம் ஆங்கிலம். "முதல் வருஷம் ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதிப்போட்டு ஸ்வாஹிலியில் விளக்குவார். தேர்வில் மட்டும் அந்த விளக்கம் கூட வராது" என்றார். அடிஸ் அபாபாவில் நாற்காலி கிடைத்த மொழிக்கு, சொந்த வீட்டில் எட்டாம் வகுப்பில் நுழைய இடமில்லை. இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு உரிமை இல்லை, என் பிள்ளைகள் படித்ததும் ஆங்கில வழியில்தான்.

நாள் 6, டார் எஸ் ஸலாம் (இன்னும்)

இன்று மொம்பாசாவில் இருக்க வேண்டியவன். ஏன் இல்லை என்றால், எனக்கு ஸ்வாஹிலி தெரியும் என்பதால்.

இங்கே மணிக்கணக்கு சூரிய உதயத்திலிருந்து. காலை ஏழு மணிக்கு "ஸா மோஜா", ஒரு மணி. நண்பகல் "ஸா சித்தா", ஆறு மணி. ஜாதகத்தில் உதயாதி நாழிகை எண்ணுகிறவர்களுக்கு இது சுலபம், நானும் பெருமையாகக் கற்றுவைத்திருந்தேன். பஸ் டிக்கெட்டில் 6:00 என்று இருந்தது. ஆறு என்றால் நண்பகல் என்று நானே பெயர்த்துக்கொண்டு, நிதானமாகக் குளித்து, பதினோரு மணிக்கு நிலையத்துக்குப் போனேன். பஸ் விடியற்காலை ஆறுக்கே போய்விட்டது.

"டேய், இங்கிலீஷ்ல அச்சடிச்சா இங்கிலீஷ் மணி. வாயால ஸ்வாஹிலில சொன்னா ஸ்வாஹிலி மணி. பதினோரு வருஷத்துல நான் ஒரு பஸ்ஸ விட்டதில்ல" என்றான் நண்பன். ராத்திரி அவன் வீட்டில் ரசம்.

நாள் 8, மொம்பாசா

நேற்று முழுக்கப் பஸ்: தாங்கா, ஹொரோஹொரோ எல்லை, கடைசியில் லிக்கோனி படகு.

ஜீஸஸ் கோட்டை 1593ல் போர்ச்சுகீசியர் தொடங்கியது. அவர்கள் விட்டுப்போன சொற்களை அதன் நிழலில் உட்கார்ந்து எண்ணினேன். மேசைக்கு "மேசா". பீப்பாய்க்கு "பீப்பா". கைக்குட்டைக்கும் பெண்கள் சுற்றும் துணிக்கும் "லேசோ", நம் லேஞ்சிதான். ஒரே கப்பல்காரன் இரண்டு கரையிலும் இறக்கிய சரக்கு. ஆனால் தேவாலயத்துக்கு அவர்கள் சொன்ன இக்ரேஜா இங்கே "கெரேசா" ஆகி, அதற்குச் சிறைச்சாலை என்று பொருள் வந்துவிட்டது. கோட்டைக்குள் என்ன நடந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பழைய நகரத்தில் வழிகாட்டியாக வந்த பெரியவருக்கு (ஷிகமோ, மரஹபா, இந்த முறை சரியாக) 1928 என்ற வருஷம் பிடிக்காது. அந்த வருஷம் மொம்பாசாவில் காலனி அதிகாரிகள் கூடி, பாடநூல்களுக்குத் தரமான ஸ்வாஹிலி சான்சிபார் வழக்குத்தான் என்று முடிவெடுத்தார்கள். வணிகக் கூட்டங்களோடு உள்நாடு வரை போயிருந்த வழக்கு அது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். மொம்பாசாவின் கிம்விதா வழக்கில் முயாக்கா போன்ற கவிஞர்கள் அதற்கு நூறு வருஷம் முன்பே எழுதியிருந்தார்கள். "எங்களிடம் கவிதை இருந்தது. அவர்களிடம் வியாபாரம் இருந்தது. வெள்ளைக்காரன் எதை எடுப்பான்?" என்றார் பெரியவர். வழிக்கு நான் "ஞ்ஜியா" என்றபோதெல்லாம் பிடிவாதமாக "ந்தியா" என்று திருத்திக்கொண்டே வந்தார். அரிசிக்கு இங்கே முச்செலே கிடையாது, "முதெலே".

கிண்டலின்படி இது நோயாளியின் ஊர். எனக்கென்னவோ இவர்தான் நான் இதுவரை கேட்டதிலேயே நல்ல ஸ்வாஹிலி பேசினார். முவாலிமுவிடம் சொல்லப் போவதில்லை.

நாள் 9, நைரோபி

2017ல் ஓடத் தொடங்கிய புது ரயிலில் வந்து இறங்கினேன். இரவே கம்பாலா பஸ் என்பதால் ஊரைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, கேட்டேன் என்று சொல்லலாம்.

நோய் இதுதான் போல: ஷெங். இளசுகள் ஸ்வாஹிலி, ஆங்கிலம், கிகுயு, லுவோ எல்லாவற்றையும் குலுக்கிப் பேசும் பேச்சு. மினி பஸ்ஸுக்குப் பெயர் மத்தாத்து. தாத்து என்றால் மூன்று. ஷெங்கில் அந்த மூன்றை மட்டும் ஆங்கிலமாக்கி "மாத்ரீ" என்கிறார்கள். நடத்துநர் பையன் கத்தியதில் எனக்குப் புரிந்தது ஊர்ப்பெயர்கள் மட்டும். நான் சான்சிபார் பாணியில் சுத்தமாக ஒரு வாக்கியம் சொன்னேன். அவன் திரும்பிப் பார்த்து, கூட்டத்துக்கு அறிவித்தான்: "செய்தி வாசிக்கிறார்!"

கென்யாவின் 2010 அரசியல் சட்டத்தில் கிஸ்வாஹிலி தேசிய மொழி, ஆங்கிலத்தோடு சேர்ந்து ஆட்சி மொழி. அந்தப் பையனுக்கு அது தெரிந்திருக்கலாம். ஆனால் ஒரு மொழி வைத்து விளையாடும் அளவுக்கு அவன் வாயில் இருக்கிறது என்றால், அதைப் படுக்கையில் கிடக்கிறது என்று எப்படிச் சொல்வது?

நாள் 10, கம்பாலா

செத்த ஊர்.

பஸ்ஸில் இருந்து இறங்கி போடா போடாவில் ஏறினேன். இருசக்கர டாக்ஸிக்கு அந்தப் பெயர் புசியா எல்லையில் பிறந்தது. எல்லைக்கு எல்லை ஆள் ஏற்றியவர்கள் "பார்டர் பார்டர்" என்று கூவியது. ஓட்டுநர் லுகாண்டாவிலும் ஆங்கிலத்திலும் பேசினார். ஸ்வாஹிலிக்குத் தலையாட்டினார், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வந்தது.

தங்குமிடத்தின் சொந்தக்காரர் எழுபது தாண்டிய பாட்டியம்மா. நான் ஆர்வத்தோடு ஸ்வாஹிலியில் ஆரம்பித்தேன். அவர் முகம் மூடிக்கொண்டது. சாப்பாட்டுக்குப் பிறகு, மத்தோகே என்ற வாழைக்காய் மசியலும் கடலைக் குழம்பும் வைத்துவிட்டு, அவரே ஆங்கிலத்தில் பேசினார்.

"எனக்குத் தெரிந்த ஸ்வாஹிலி இரண்டே வரி. 'ஃபுங்குவா', திற. 'லேத்தா பெசா', காசைக் கொண்டா. ராத்திரி கதவைத் தட்டியவர்கள் பேசிய மொழி அது."

இடி அமீன் 1973ல் ஸ்வாஹிலியைத் தேசிய மொழி என்று ஆணையிட்டார். ராணுவத்திலும் போலீஸிலும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே அதுதான் புழக்கம். அதற்கும் முன்னால், 1920களிலேயே, உகாண்டாவுக்குள் இருந்த புகாண்டா அரசின் மன்னர் தாவுதி சுவா அதை எதிர்த்தவர், லுகாண்டாவின் இடம் போய்விடும் என்று. அமீன் ஆட்சியில் துப்பாக்கியின் மொழியாகவே அது மனசில் ஒட்டிக்கொண்டது. 1979ல் அமீனை விரட்ட வந்த தான்சானியப் படையும் ஸ்வாஹிலியில்தான் பேசிக்கொண்டு வந்தது. "விடுவிக்க வந்தவனும் அதையே பேசினான். எங்களுக்குப் பிரித்துப் பார்க்க நேரமில்லை" என்றார்.

ஒரு மொழியை ஆணை போட்டு வளர்க்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தப் பாட்டியம்மா வீட்டில் ஒரு வேளை சாப்பிடலாம். ஆனால் அடுத்தது நடந்ததையும் எழுத வேண்டும். பாத்திரம் எடுக்க வந்த பேரன், பன்னிரண்டு வயது இருக்கும், மெதுவாகக் கேட்டான்: "உங்களுக்குக் கி, வி வகுப்பு தெரியுமா? நாளைக்கு டெஸ்ட்." உகாண்டா 2005ல் ஸ்வாஹிலியை இரண்டாவது ஆட்சி மொழியாகச் சட்டத்தில் எழுதிவிட்டு மறந்துபோயிருந்தது. 2022 ஜூலையில் அமைச்சரவை அதைத் தூசி தட்டி எடுத்து, பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கவும் முடிவு செய்தது. சுற்றிலும் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம், காங்கோவும் அந்த ஆண்டுதான் அதில் சேர்ந்தது; சந்தை வேண்டுமென்றால் மொழி வேண்டும். சாப்பாட்டு மேசையில் (மேசாவில்) கித்தாபு, வித்தாபு, கிப்பிலெஃப்டி எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கிப்பிலெஃப்டிக்குப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பாட்டியம்மா எழுந்து போகவில்லை. பின்னலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபடியே இருந்தார்.

நாள் 11, கம்பாலா

கடைசி நாள். மனைவிக்குத் துணி எடுக்கச் சந்தைக்குப் போனேன். கித்தெங்கே அடுக்கி வைத்திருந்த கடையில் காங்கோப் பெண்மணி ஒருவர், புகாவுவிலிருந்து வந்தவர். புதைத்த ஊர் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

இரண்டு உகாண்டாக்காரர்களோடும் ஒரு ருவாண்டாக்காரரோடும் ஒரே மூச்சில் பேரம் நடத்திக்கொண்டிருந்தார், எல்லாம் ஸ்வாஹிலியில். அவருடைய ஸ்வாஹிலி என்னுடையது இல்லை. மனிதர்களுக்கு வாத்து என்று நான் கற்றேன், அவருக்கு பாத்து. குழந்தைகள் எனக்கு வாதொதோ, அவருக்கு பாதொதோ. நடுநடுவே பிரெஞ்சு. இலக்கணம் போகிற போக்கில் மடங்கி, குறுகி, வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் துணி விற்றுக்கொண்டே இருந்தது.

என் முறை வந்தது. "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்" என்று கேட்டார். சொன்னேன். "வாதொதோ வவீலி." இரண்டு.

"பாதொதோ பபீலி" என்று திருத்தினார், முவாலிமு திருத்தும் அதே தொனியில். திரும்பச் சொல்லவும் வைத்தார். சொன்னேன். அதற்குப் பிறகுதான் விலையைக் குறைத்தார்.

அவர் அனுமதியோடு அந்தப் பேரத்தைக் குரல் பதிவாக எடுத்து முவாலிமுவுக்கு அனுப்பினேன், அடக்கம் செய்த இடத்திலிருந்து ஒரு சத்தம் கேட்கிறது என்று எழுதி. விமான நிலையத்தில் பதில் வந்தது.

"ஏழு பிழை. நான்கு அவருடையது, மூன்று உங்களுடையது. அந்த நீலத் துணி கடைசியில் என்ன விலைக்குக் கொடுத்தார்?"